பனி ஏன் சாம்பலாகிறது? அண்டார்டிகாவில் பென்குயின் படம் எடுக்க ஓர் ஆரம்பப் பாடம்

அண்டார்டிகா போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நேரில் கண்ணைக் கூசவைத்த பனி, படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நடுவில் நிற்கும் பென்குயின் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிகிறது. கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கேமரா மட்டமானது என்பதால் இப்படி ஆவதில்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கேமராவையும் ஆட்டோவில் விட்டுவிட்டால் இதேதான் நடக்கும். கேமராவுக்குள் ஒளியை அளக்க இருக்கும் மீட்டர் பனியைத் தப்பாகப் படிக்கிறது, அவ்வளவுதான். அதைத் திருத்த ஒரு டயலைத் திருப்பத் தெரிந்தால் போதும். ஆனால் எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவது என்று தெரிய வேண்டுமானால், எக்ஸ்போஷர் என்ற விஷயத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும்.

நான் மனதில் வைத்து எழுதுவது அண்டார்டிக் தீபகற்பப் பயணத்தை. அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உஷுவையாவில் கப்பல் ஏறி, டிரேக் கடல்வழியை ஏறக்குறைய இரண்டு நாளில் தாண்டிப் போகிற பயணம். அண்டார்டிகாவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள். சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது மூன்று வகைப் பென்குயின்கள்: ஆரஞ்சு அலகும் கண்ணுக்கு மேல் வெள்ளைத் திட்டும் கொண்ட ஜென்டூ, தாடைக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஓடும் சின்ஸ்ட்ராப், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட அடேலி. பேரரசுப் பென்குயின் இந்தப் பாதையில் சாதாரணமாகக் கண்ணில் படாது. வெடல் கடலில் ஸ்நோ ஹில் தீவில் அவற்றின் கூட்டம் ஒன்று உண்டு. அங்கே போக பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பலும் ஹெலிகாப்டரும் வேண்டும், அது வேறு கதை.

மீட்டர் எங்கே ஏமாறுகிறது

எக்ஸ்போஷர் என்பது ஒரு படத்துக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேருகிறது என்பதுதான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, லென்ஸின் துவாரம் எவ்வளவு விரிந்திருக்கிறது, ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்றும் சேர்ந்து படம் வெளுப்பாக வருமா, இருட்டாக வருமா என்று தீர்மானிக்கின்றன. ஆட்டோவில் விட்டால் இந்த மூன்றையும் மீட்டர் சொல்வதைக் கேட்டுக் கேமராவே முடிவு செய்கிறது.

மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒளியின் அளவு. எதிரே இருப்பது மங்கிய வெளிச்சத்தில் கிடக்கும் வெள்ளைப் பனியா, பளிச்சென்ற வெளிச்சத்தில் நிற்கும் சாம்பல் சுவரா என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது: எந்தக் காட்சியையும் சராசரியாக எடுத்துப் பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வரும் என்பது அந்த ஊகம். விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். தெரு, தோட்டம், கல்யாண மண்டபம் என்று நாம் வழக்கமாக எடுக்கும் இடங்களில் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நிழலும் வெயிலும், கறுப்பும் வெளுப்பும் கலந்து சராசரி அங்கேதான் வந்து நிற்கும்.

பனியில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேலே திருப்பி அனுப்புகிறது. மீட்டர் அதைப் பார்த்து, ‘வெளிச்சம் ரொம்ப அதிகம், குறைத்துவிடலாம்’ என்று குறைத்துவிடுகிறது. விளைவு, வெள்ளைப் பனியை இழுத்துக்கொண்டு வந்து நடுத்தரச் சாம்பலில் உட்கார வைக்கிறது. பனியோடு சேர்ந்து படச் சட்டத்தில் (ஃப்ரேமில்) இருக்கும் எல்லாமே அதே அளவுக்கு இருளுகிறது. பென்குயினின் முதுகு ஏற்கெனவே கறுப்பு. அதில் இருக்கும் கறுப்புக் கண் எப்படித் தெரியும்?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரு ஜென்டூ முதுகைக் காட்டி நிற்கிறது, நீங்கள் ஜூம் செய்து அதன் முதுகால் சட்டத்தை நிரப்புகிறீர்கள். இப்போது மீட்டர் கறுப்பைப் பார்த்து, ‘இருட்டாக இருக்கிறது’ என்று ஒளியைக் கூட்டுகிறது. முதுகு சாம்பலாகிறது, பறவை சற்றுத் திரும்பினால் நெஞ்சின் வெள்ளை வெந்து போகிறது, அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடுகிறது, இறகு ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. ஆக, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே பறவை. நீங்கள் எவ்வளவு ஜூம் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து படம் ஒருமுறை இருட்டாகவும் ஒருமுறை வெளுத்தும் வரும். புதிதாக எடுப்பவர்களைக் குழப்புவது இதுதான். வெளிச்சம் மாறவே இல்லை, மீட்டர் போடும் கணக்குதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

மருந்து: ப்ளஸ், மைனஸ்

எல்லாக் கேமராவிலும் ப்ளஸ், மைனஸ் குறி போட்ட ஒரு பட்டனோ டயலோ இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று அதற்குப் பெயர். ‘நீ சொல்வதைவிட இவ்வளவு கூட்டு’ என்றோ ‘இவ்வளவு குறை’ என்றோ மீட்டரிடம் சொல்லும் வழி அது. அளவு ஸ்டாப் கணக்கில் வரும். +1 என்றால் ஒளி இரண்டு மடங்கு, +2 என்றால் நான்கு மடங்கு. –1 என்றால் பாதி.

பனியைப் பார்த்தால் கூட்ட வேண்டும். மேகமூட்டமான நாளில், சட்டத்தில் பெரும்பகுதி பனியும் ஓரமாக ஒரு பென்குயினும் இருந்தால் +1.3-இல் தொடங்குங்கள்; +1.7 வரைகூடப் போகலாம். நல்ல வெயிலில் பென்குயினின் வெள்ளை நெஞ்சு முதலில் வெந்துபோகும் என்பதால் +0.7 போதும், அதிகம் போனால் +1. பறவையின் கறுப்பு முதுகு பாதிச் சட்டத்தை அடைத்துக்கொண்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடுங்கள், தேவைப்பட்டால் –0.3. இவை தொடக்க எண்கள் மட்டுமே. இப்போதைய கேமராக்கள் சில பனிக்காட்சியை ஓரளவு தாமே அடையாளம் கண்டு கூட்டிவிடுகின்றன. அதனால் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு உங்கள் கேமராவுக்கு ஏற்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொபைலில் எடுப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு. திரையில் பென்குயின்மேல் விரலால் தொட்டால், பல போன்களில் சூரியன் போல ஒரு சின்னம் வரும். அதை மேலே இழுத்தால் ப்ளஸ், கீழே இழுத்தால் மைனஸ்.

சரி, போதுமான அளவு கூட்டியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேமராத் திரையில் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுற்றிலும் பனி கூசும்போது திரை எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். அதை நம்பிக் கூட்டிக்கொண்டே போனால் நெஞ்சு இறகுகள் காணாமல் போயிருக்கும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை; எந்த வெளிச்சத்தில் எவ்வளவு புள்ளிகள் இருக்கின்றன என்று மேடுகளாகக் காட்டும் படம் அது. பனிக்காட்சியில் பெரிய மேடு வலதுபுறம் இருக்க வேண்டும், ஆனால் வலது ஓரத்துச் சுவரில் முட்டக்கூடாது. மேடு நடுவில் நின்றால் உங்கள் பனி சாம்பல் என்று அர்த்தம். இடதுபக்கம் சின்னதாக ஒரு மேடு தெரியும், அதுதான் பென்குயினின் முதுகு. இதோடு, வெந்துபோன இடங்கள் கண் சிமிட்டுவதுபோல மின்னிக் காட்டும் வசதியையும் மெனுவில் இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்ட பனியில் அங்கங்கே மின்னினால் கவலைப்பட வேண்டாம். பென்குயினின் நெஞ்சில் மின்னினால் உடனே குறைத்துவிடுங்கள்.

தென் துருவத்தை அடைய 1910-இல் டெரா நோவா கப்பலில் கிளம்பிய பிரிட்டிஷ் ஆய்வாளர் ஸ்காட்டின் பயணத்தில் புகைப்படக் கலைஞராகப் போனவர் ஹெர்பர்ட் பாண்டிங். கண்ணாடித் தட்டுகளில் அடேலிப் பென்குயின்களை எடுத்தார். எடுத்தது சரியாக வந்ததா என்று தெரிய, கேப் எவன்ஸ் குடிலில் தனக்கென்று வைத்திருந்த இருட்டறைக்குத் திரும்பிப் போய்க் கழுவிப் பார்க்க வேண்டும். நமக்கு அந்த விடை அடுத்த நொடியே திரையில் கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரே அமைப்பில் நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளுவது எனக்கு மனசு பொறுக்காத விஷயம்.

அப்புறம், கொஞ்சம் பழகியவர்களுக்கு நான் சொல்லும் வழி மேனுவல். முழுக்க மேகம் மூடிய நாளில் வெளிச்சம் நெடுநேரம் ஒரே அளவில்தான் இருக்கும். சட்டம் முழுக்கப் பனியாக வைத்து, மீட்டர் முள் +1.7-ஐக் காட்டும்வரை ஷட்டரையும் துவாரத்தையும் ஐஎஸ்ஓவையும் திருத்திக்கொள்ளுங்கள். அப்படியே விட்டுவிடுங்கள். இனி ஜூம் செய்தாலும், பறவை முதுகைக் காட்டினாலும், பனி வெள்ளையாகவும் முதுகு கறுப்பாகவுமே வரும். மீட்டர் என்ன நினைக்கிறது என்பது இனி உங்களைப் பாதிக்காது. ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோவில் இருந்துவிடக் கூடாது. இருந்தால் மேனுவல் வைத்ததற்கே பலன் இல்லை. மேகம் விட்டுவிட்டு வெயில் அடிக்கிற நாளில் இது சரிவராது, ப்ளஸ் மைனஸுக்கே திரும்பிவிடுங்கள்.

படங்களை ஜேபெக்கில் மட்டும் வைக்காமல், சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வெந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அங்கே தகவலே இல்லை. இருண்ட கறுப்பைக் கணிசமாகத் தூக்கலாம். அதனால் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாத வெயிலில் நெஞ்சின் வெள்ளையைக் காப்பாற்றுங்கள், முதுகை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

மேகம் வந்தால் மகிழுங்கள்

நீல வானம் கிடைத்தால்தான் நல்ல படம் என்று நினைத்துப் போகிறவர்கள் மேகத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நிலக்காட்சிக்கு அது சரியாக இருக்கலாம். பென்குயினுக்கு மேகமூட்டமே மேல். வெயிலில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரம் சென்சார் தாங்குகிற அளவுக்கு வெளியே போய்விடும். மேகம் அந்தத் தூரத்தைக் குறைக்கிறது. தரையில் கிடக்கும் பனி கீழிருந்து ஒளியைத் தெறித்து, தாடையின் அடியையும் வயிற்றையும் மென்மையாக நிரப்புகிறது. ஸ்டூடியோவில் வெள்ளைத் தட்டி பிடித்துச் செய்யும் வேலையை இங்கே தரையே செய்துவிடுகிறது. ஃப்ளாஷ் தேவையே இல்லை. பறவைகளை மிரட்டும் அதைக் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வெயில் நாளில் இன்னொன்றையும் கவனிக்கலாம்: நிழலில் இருக்கும் பனி நீலமாக வரும். கேமராவின் பிழை அல்ல. அந்த நிழலுக்கு ஒளி தருவது நீல வானம் மட்டுமே. படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அந்த நீலத்தைச் சில சமயம் கேமரா துடைத்துவிடும். பனிப்பாறைகளின் நீலம் வேண்டும் என்றால் பகல் வெளிச்ச அமைப்பில் வைத்துவிடுங்கள்.

ஃபோகஸ் எப்போதும் கண்ணில். விலங்குகளின் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் பறவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் அடேலி சுலபம், வெள்ளை வளையத்துக்குள் கண் பளிச்சென்று இருக்கும். சின்ஸ்ட்ராப்பின் முகம் வெள்ளை என்பதால் அதுவும் பரவாயில்லை. ஜென்டூதான் சோதிக்கும்: கறுப்புத் தலையில் கருங்கண். வானம் இருக்கும் பக்கம் அது லேசாகத் தலையைத் திருப்பும் வரை காத்திருந்தால் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத படத்தையும் இருக்கும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முன்னது பொம்மையாகத் தெரியும்.

5 மீட்டர்

அண்டார்டிகாவுக்குப் பயணிகளை அழைத்துப் போகும் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் ஒன்று 1991-இல் தொடங்கப்பட்டது. ஐயாட்டோ என்று அழைப்பார்கள். இந்தப் பயணங்களை நடத்தும் நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை அதில் உறுப்பினர்கள். பென்குயினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. 500 பேருக்கு மேல் பயணிகள் உள்ள கப்பல்கள் யாரையும் கரையிறக்குவதே இல்லை. அதனால் படம் எடுக்கவே போகிறீர்கள் என்றால் லென்ஸைத் தேடுவதற்கு முன் கப்பலில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 100 பேருக்கு உட்பட்ட கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 300 பேர் என்றால் முறை வைத்துத்தான் இறக்குவார்கள், கரையில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும்.

5 மீட்டர் என்றதும் பெரிய லென்ஸ் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் 200 எம்எம் லென்ஸை வைத்து 5 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். கேமராவைக் கிடையாகப் பிடித்தால் சட்டத்தின் உயரத்துக்குள் சுமார் 60 செ.மீ. அடங்கும். நின்றுகொண்டிருக்கும் ஜென்டூவின் உயரம் 75 செ.மீ. அளவுக்கு இருக்கும். அதாவது பறவை முழுதாக உள்ளே வராது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால்தான் வரும். 70-200 லென்ஸ் ஒன்றும், கூட்டத்தையும் பின்னால் இருக்கும் மலையையும் சேர்த்து எடுக்க 24-70 போல ஒன்றும் இருந்தால் கரையில் வேலை முடிந்தது. மிதக்கும் பனிக்கட்டிமேல் இருக்கும் பறவைகளைப் படகிலிருந்து எடுக்க 400 எம்எம் வரை போகும் ஜூம் உதவும்.

விதி 5 மீட்டரோடு முடிவதில்லை. கடலுக்கும் கூட்டுக்கும் இடையே பென்குயின்கள் நடந்து நடந்து பனியில் பள்ளமாகப் பாதை போட்டிருக்கும். அந்தப் பாதையில் கால் வைக்கக்கூடாது, அதை மறித்து நிற்கவும் கூடாது. உங்கள் பூட்ஸ் பனியில் ஆழமாகப் புதைந்தால், அந்தக் குழியை மூடிவிட்டு நகருங்கள். குட்டைக்கால் பறவை அதில் விழுந்தால் ஏறுவது கஷ்டம். பறவை ஏதாவது ஒன்று உங்களைப் பார்த்துக் கூட்டில் எழுந்து நின்றாலோ, தலையைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாலோ, துடுப்புச் சிறகுகளை விரித்துக்கொண்டாலோ நீங்கள் 5 மீட்டரில் நின்றாலும் அந்தப் பறவைக்கு அது கிட்டம்தான், பின்வாங்குங்கள். கூட்டை விட்டு அது ஓரடி விலகினால் போதும், மேலே வட்டமிடும் ஸ்குவாப் பறவை முட்டையைத் தூக்கிவிடும். ஒரு படத்துக்காக அந்த முட்டையைப் பறிகொடுக்க வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. பொழுதுபோக்குக்கு டிரோன் பறக்கவிடவும் அங்கே அனுமதி இல்லை.

இன்னொரு விதி படம் எடுக்கிறவர்களை நேரடியாகப் பாதிக்கிறது. 2023 அக்டோபரில் தென் அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிக் தீபகற்பத்திலும் பறவைக் காய்ச்சல் வைரஸ் உறுதிசெய்யப்பட்டது. ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நம் வழியாக அது போய்விடக்கூடாது என்பதால், கரையில் உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, படுக்கக்கூடாது, பையைக் கீழே வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். தரையில் படுவது பூட்ஸ் மட்டுமே. முன்பெல்லாம் வயிற்றில் படுத்துக்கொண்டு பென்குயினின் கண் மட்டத்தில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அதே ஆசையோடு போனால் ஏமாற்றம்தான்.

கண் மட்டத்துக்கு வேறு வழிகள் உண்டு. சாய்க்கக்கூடிய திரை உள்ள கேமராவைத் தாழப் பிடித்து, மேலிருந்து திரையைப் பார்த்து எடுக்கலாம். குந்தியிருந்து எடுக்கலாம், கால்முட்டி தரையில் படாமல். எனக்குப் பிடித்த வழி, சரிவில் பறவைக்குக் கீழ்ப்பக்கமாகப் போய் நிற்பது. அது உங்கள் முகத்துக்கு நேரே வந்துவிடும், பின்னால் சேறும் எச்சமும் இல்லாமல் தூரத்து மலையோ வானமோ அமையும். ஸோடியாக் என்ற ரப்பர் படகில் கரையோரமாகப் போகும்போதும் பாறைமேல் நிற்கும் பறவை தானாகவே கண் மட்டத்துக்கு வரும். மூன்றுகால் ஸ்டாண்டை இறக்க விடுவார்களா என்று கப்பலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வெளிச்சத்தில் அது தேவைப்படாது.

எங்கே நின்று எதைப் பார்ப்பது

கரையிறங்கியதும் எல்லோரும் முதல் பென்குயினைச் சுற்றி நின்று ஒரே மாதிரிப் படத்தை எடுப்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போய், ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் அங்கே இருப்பதையே பறவைகள் மறந்துவிடும்; அதன்பிறகுதான் அவற்றின் வேலை கண்ணில் படும். சிலசமயம் ஒன்று தானாகவே உங்கள் பூட்ஸ் வரை நடந்து வரும். அது வரலாம், தப்பில்லை. நீங்கள் கை நீட்டக்கூடாது.

குவர்வில் தீவிலோ நேக்கோ துறையிலோ ஜென்டூ கூட்டத்தைக் கவனித்தால் கூழாங்கல் வியாபாரம் ஒன்று இடைவிடாமல் நடப்பது தெரியும். கூடு என்பது அங்கே கற்குவியல்தான். பனி உருகி ஓடும் நீரில் முட்டை நனையாமல் இருக்க அந்தக் குவியல் உயரமாக இருக்க வேண்டும். ஆண் பறவை ஒரு கல்லை அலகில் கவ்விக்கொண்டு வந்து கூட்டின் விளிம்பில் போடும், இணையின் முன் ஆழமாகத் தலை தாழ்த்தும், இணையும் தாழ்த்தும். அவை இப்படிக் குனிந்திருக்கும் நேரத்தில் பின்னால் இருக்கும் பறவை கழுத்தை நீட்டி இவற்றின் விளிம்பிலிருந்து ஒரு கல்லை உருவிக்கொண்டு போகும். கொஞ்சம் பார்த்துவிட்டால் யார் திருடப்போவது என்று உங்களுக்கே பிடிபடும்: உடம்பு நேராக இருக்கும், கண் மட்டும் பக்கத்துக் கூட்டில் இருக்கும். அந்தப் பறவையின்மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். அலகில் கல்லோடு திரும்பும் கணத்துக்கு ஷட்டர் 1/1000 நொடி வேண்டும்.

சும்மா நிற்கும் பறவைக்கு 1/500 போதும். கடலில் துள்ளித் துள்ளிப் போகும் பென்குயினுக்கு 1/2000-க்குக் குறையாமல் வையுங்கள். ஜென்டூ நீருக்குள் மணிக்கு 36 கி.மீ. வரை வேகம் பிடிக்கும். எங்கே எழும்பும் என்று தேடினால் கிடைக்காது. கூட்டம் போகும் திசைக்குச் சற்று முன்னால் லென்ஸை வைத்துத் தொடர் படமாக எடுங்கள். நூற்றில் ஒன்றிரண்டு தேறினால் மகிழ்ச்சி.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சியே மாறும். நவம்பரில் பனி அழுக்கில்லாமல் இருக்கும், கூடு கட்டுவதும் தலையை வானத்துக்கு உயர்த்திக் கத்துவதும் நடக்கும். சின்ஸ்ட்ராப் ஒன்று கத்தத் தொடங்கினால் பக்கத்தில் வரிசையாகப் பற்றிக்கொள்ளும், அதை ஹாஃப் மூன் தீவில் பார்க்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து குஞ்சுகள். பிப்ரவரியில் குஞ்சுகள் பெரிதாகிக் கூட்டமாக நிற்கும், கடலிலிருந்து வரும் பெற்றோரை இரைக்காகத் துரத்தும். பெரிய பறவை திரும்பிப் பார்க்காமல் ஓடும், இரண்டு குஞ்சுகள் சிறகை விரித்துக்கொண்டு சேற்றில் விழுந்தடித்துப் பின்னால் ஓடும். தரை அப்போது சுத்தமாக இருக்காது. இறால் போன்ற கிரிலைத் தின்ற எச்சம் இளஞ்சிவப்பாக எங்கும் சிதறியிருக்கும், நாற்றமும் இருக்கும். அந்தச் சிவப்பைப் படத்திலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள், அதுதான் அந்த இடம். ஒன்றைக் கவனியுங்கள்: சேற்றுத் தரையில் நிற்கும் பறவைக்குப் பனிக்குக் கூட்டியதுபோல எக்ஸ்போஷரைக் கூட்டினால் நெஞ்சு வெந்துவிடும். காலுக்குக் கீழே பனி இல்லை என்றால் ப்ளஸும் இல்லை.

பயணம் தெற்கு ஜார்ஜியாவையும் தொட்டுப் போனால் கிங் பென்குயின்கள் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் லட்சக்கணக்கில் நிற்கும். அங்கே தனிப்பறவையைவிடக் கூட்டத்தையே எடுக்கலாம். பழுப்புக் குஞ்சுகள் ஒரு பட்டையாகவும் பெரியவை இன்னொரு பட்டையாகவும் பிரிந்து நிற்பது உயரமான இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

குளிர் செய்யும் வேலை

தீபகற்பத்தில் கோடையில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். கேமராவுக்கு அது பெரிய சோதனை இல்லை. பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பேட்டரியைக்கூடச் சற்று நேரம் சூடாக வைத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும். மெல்லிய உள்கையுறை ஒன்றைப் போட்டு, மேலே தடித்ததைப் போட்டுக்கொண்டால் டயலைத் திருப்பும்போது வெறுங்கையாக நிற்க வேண்டியதில்லை.

ஏசி அறையிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்குள் கேமராவை எடுத்தால் லென்ஸ் உடனே மூடுபனி பூக்கும் அல்லவா? அங்கே அது கப்பலுக்குத் திரும்பும்போது நடக்கும். குளிர்ந்த கேமராவில் அறையின் ஈரக்காற்று படிந்து நீராகும். வெளியில் இருக்கும்போதே ஜிப் பைக்குள் போட்டு மூடி, அறைக்குள் வந்தபின் கேமரா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். படங்களைப் பார்க்க அவசரம் இருக்கும் என்பதால், மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துவிடுங்கள். படகில் கடல்நீர் தெறிக்கும். நீர் புகாத பையில் வைத்துக் கொண்டுபோய், திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள்.

பெரும்பாலான நாட்களில் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்று இறக்குவார்கள். நடுவில் சாப்பாட்டு நேரம். அப்போது காலைப் படங்களில் நான்கைந்தைத் தேர்ந்து, முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நெஞ்சில் இறகின் கோடுகள் தெரியவில்லை என்றால் மதியம் 0.3 குறையுங்கள். இறகு தெரிகிறது, பனி மட்டும் மங்கல் என்றால் 0.3 கூட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்து கண் மட்டும் மசங்கலாக இருந்தால் எக்ஸ்போஷரைத் தொடாதீர்கள். ஷட்டரை ஒரு படி வேகமாக்கி, ஃபோகஸ் புள்ளி நெஞ்சில் விழுந்ததா கண்ணில் விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.